தொழுவத்திலிருந்து காட்டுக்கு

வெக்கை நோய் என்னும் பெயரை இன்றைய இளைஞர் பலர் கேள்வியுற்றிரார். ஆனால், உழவுமாடு கட்டி வாழ்ந்த குடும்பத்து முதியோரிடம் அப்பெயரைச் சொல்லிப் பாருங்கள்; அவர்தம் முகம் வாடும். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாயெல்லாம் புண், ஓயாத கழிச்சல் எனத் தொடங்கிப் பத்து நாட்களுக்குள் தொழுவத்தையே வெறுமையாக்கிவிடும் நோய் அது. ஏர் பூட்ட மாடின்றி நிலம் தரிசாய்க் கிடக்கும். இந்தியாவில் அது இறுதியாகத் தோன்றியது 1995ஆம் ஆண்டில், நமது வட ஆற்காட்டுப் பகுதியிலேயே. 2011ஆம் ஆண்டில், உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அறிவித்தது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றே.

காட்டு விலங்குகளே நம் கால்நடைகளுக்கு நோயைத் தருகின்றன என்று எண்ணி நாம் பழகியிருக்கிறோம். சில நோய்களில் அது மெய்யே. 1998இல் மலேசியாவில் தோன்றிய நிப்பா நோய், பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தாவியது. வெக்கையின் வரலாறோ நேர்மாறானது.

வைரஸ் எனப்படும் நச்சுயிரி தானாகப் பெருக வல்லதன்று. வேறோர் உயிரின் அணுவுக்குள் புகுந்து, அதனைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக் கொள்கிறது. அவ்வாறு படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் அதற்கே கேடாய் முடியும். எப்போதோ ஒன்று, புதியதோர் விலங்கினுள் நுழைய அதற்கு வழி திறந்துவிடும். வெக்கை நச்சுயிரிக்கு ஒரு குறைபாடும் இருந்தது. நோயினின்று பிழைத்த மாட்டை அது மறுமுறை தாக்க இயலாது. அம்மாட்டின் உடலில் ஒளிந்து வாழவும் இயலாது. எனவே இடைவிடாது புதுக் கன்றுகள் பிறக்கும் பெருமந்தைகள் அதற்குத் தேவைப்பட்டன. அத்தகைய மந்தைகளை மனிதனே அதற்கு அமைத்துக் கொடுத்தான்.

நம் குழந்தைகளைத் தாக்கும் தட்டம்மையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வியப்பன்றோ? பெர்லின் நகரில் 1912இல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் மருந்துநீரில் இட்டுக் காக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து நச்சுயிரியைப் பிரித்தாராய்ந்த அறிஞர்கள், வெக்கையும் தட்டம்மையும் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவிலேயே கிளை பிரிந்திருக்கலாம் என்று 2020இல் எழுதினர். பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் நகரங்கள் உருவாகிவந்த காலம் அது. மாட்டுத் தொழுவத்தில் பெருமந்தையை நாடிய நச்சுயிரிக்கு நகரமும் ஒரு மந்தையாயிற்று போலும்!

ஒளிந்து வாழ இயலாத பகைவனை வெல்வது எளிது: சங்கிலியை அறுத்தால் போதும். நச்சுயிரி என்று ஒன்று உண்டென்பதையே உலகம் அறியாத நாளில் இதனை உணர்ந்தவர் பாப்பரசர் பதினொன்றாம் கிளமெண்டின் மருத்துவரான லான்சிசி. 1713இல் திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளுள் வெக்கை புகுந்தபோது, நோயுற்ற மாடுகளைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், மாடுகளின் நடமாட்டத்தைத் தடுக்கவும் அவர் வழி வகுத்தார். ஏழை உழவருக்கு அது கசப்பான மருந்தே. எனினும் அந்நோய் அங்கே அடங்கிற்று.

ஆப்பிரிக்காவுக்கு அத்தகைய காவல் வாய்க்கவில்லை. 1887ஆம் ஆண்டளவில் இத்தாலியப் படையினருக்கென எரித்திரியாவில் இறக்கப்பட்ட மாடுகளோடு இந்நோய் அக்கண்டத்தில் நுழைந்ததென்பர். பத்தே ஆண்டுகளில் தென்முனையை எட்டியது. கிழக்கிலும் தெற்கிலும் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகள்வரை மாண்டன. எத்தியோப்பியாவில் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களுள் மூன்றிலொரு பங்கினர் மடிந்தனர் என மதிப்பிடுகின்றனர். இந்நோயை முன்பு அறிந்திராத காட்டெருமையும், ஒட்டகச்சிவிங்கியும், மாட்டு முகங்கொண்ட வில்டபீஸ்ட் என்னும் மானும் கூட்டங்கூட்டமாய் வீழ்ந்தன.

அதன்பின் பல ஆண்டுகள், நோயின் ஊற்றே காட்டு விலங்குகள்தாம் என்று பலர் கருதினர். தடுப்பூசியே உண்மையை வெளிப்படுத்தியது. இத்தடுப்பூசிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு: இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பார், வெக்கை நச்சுயிரியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மீண்டும் மீண்டும் செலுத்தி, மாட்டைக் கொல்லும் வன்மையை அது இழக்கச் செய்தார். பின்னர் கென்யாவில் வால்டர் பிளௌரைட், கன்றின் சிறுநீரக அணுக்களில் அதனை வளர்த்து, இன்னும் பாதுகாப்பான மருந்து கண்டார். நச்சுயிரி மாறும் இயல்புடையது என்பதையே மனிதன் அதற்கு எதிராகத் திருப்பினான்.

தான்சானியாவின் செரங்கெட்டி வெளியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. காட்டு விலங்குகளை எவரும் தொடவில்லை. ஆயினும் 1960களின் தொடக்கத்திலேயே வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து நோய் மறைந்தது. ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த அம்மான்கள், 1970களின் இறுதிக்குள் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் பெருகின. ஊற்று நம் தொழுவத்திலேயே இருந்தது.

ஒழிவதற்கு முன் அந்நச்சுயிரி காட்டிய சூழ்ச்சியொன்றும் உண்டு. முப்பதாண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாதிருந்த ஒரு கிளை, 1994இல் கென்யாவின் சாவோ காட்டுப் பகுதியில் காட்டெருமைகளையும் கூடு மான்களையும் கொன்றது. ஆராய்ந்தபோது, மாடுகளில் அது ஐயுறவே தோன்றாத இலேசான காய்ச்சலாய் உலவி வந்தது தெரிந்தது. மாட்டைக் கொல்லாதிருந்தமையாலேயே அது மறைந்து வாழ முடிந்தது எனலாம். 2001இல் கென்யாவின் மேரு பூங்காவில் காட்டெருமைகளிடம் கண்டதே கடைசி.

இக்குடும்பத்தின் மற்றொரு பிள்ளை இன்னும் நம்மிடையே உலவுகிறது: ஆட்டுக்கொல்லி நோய். 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அறியப்பட்ட இது, இந்தியாவில் முதன்முதலாக 1987இல் நம் தமிழகத்தில், விழுப்புரம் பகுதியில் கண்டறியப்பட்டது. 2016இல் மங்கோலிய நாட்டு ஆடுகளிடம் பரவிய இந்நோய், அவ்வாண்டின் இறுதியிலேயே அங்குள்ள அரிய சைகா மான்களைத் தாக்கி ஆயிரக்கணக்கில் அழித்தது. மீண்டும் தொழுவத்திலிருந்து காட்டுக்கே! மாட்டின் உடலிலும் இது நோய்க்குறி காட்டாமல் புகுந்து செல்கிறது. வெக்கை விட்டுச்சென்ற இடத்தை இது பிடித்துக்கொள்ளுமோ என அறிஞர் கவலையோடு நோக்கி வருகின்றனர்.

2030க்குள் இதனையும் ஒழிப்பதென உலக நாடுகள் 2015இல் இலக்கு வகுத்துள்ளன. குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் போடும் ஓர் ஊசி, மூன்றாண்டுகள் காக்கும். அரசு கால்நடை மருந்தகங்களில் அதனைக் கேட்டறியலாம்.