இரு ஊசிகளில் ஒரு கையுறை

ஜெர்மனி நாட்டின் ஹாம்பர்க் நகர ஓவியக் கூடத்தில் பழைய பலிபீட ஓவியத் தொகுதி ஒன்று இருக்கிறது. புக்ஸ்டஹூட என்னும் ஊரிலிருந்த பெனடிக்டின் கன்னியர் மடத்துக்கு உரியதாயிருந்த அது, 1400-ஆம் ஆண்டை ஒட்டி, பெர்ட்ராம் என்ற ஓவிய ஆசானின் பட்டறையில் உருவானது. அதன் ஒரு பலகையில் மரியன்னை சிறு வீடொன்றில் அமர்ந்து பாலகன் இயேசுவுக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே கூடையில் நூல் உருண்டைகள். பாலகன் புல்தரையில் புத்தகத்தோடு படுத்திருக்க, வானதூதர் இருவர் சிலுவையும் ஈட்டியும் ஏந்தி நிற்கின்றனர். அன்னையின் கையிலுள்ள சட்டையின் கழுத்தைச் சுற்றிப் பின்னல் ஊசிகள் பல நீட்டிக்கொண்டிருப்பதை ஓவியர் மறவாமல் தீட்டியிருக்கிறார்.

அத்தனை ஊசிகள் ஏன்? வளையமாகப் பின்ன வேண்டிய துணிக்கு ஒரு நேர் ஊசி போதாது. ஆகவே கண்ணிகளை மூன்று ஊசிகளில் முக்கோணமாகப் பகிர்ந்து வைத்து, நான்காவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். இந்த ஊசிகளுக்கு இருபுறமும் கூர்முனை; தலைக்குமிழ் இல்லை. காலுறை, கையுறை, குல்லாய் யாவும் இம்முறையில் தையலின்றி ஒரே குழாயாக உருவாகும். நமதாண்டவரின் அங்கி தையலற்றது, அதனாலேயே படைவீரர் அதைக் கிழிக்காமல் சீட்டுப் போட்டனர் என்று யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் கூறுவதை நாம் அறிவோம். ஓவியர் அன்னையின் கையில் சுற்றுப் பின்னலைக் கொடுத்ததன் கருத்தும் அதுவாகவே இருக்க வேண்டும்.

ஆனால் நம் குடும்பத் தாய்மாரில் பலர் இந்த இருமுனை ஊசிகளைக் கண்டதும் பின்வாங்கிவிடுகின்றனர். உதகையிலும் கொடைக்கானலிலும், கன்னியரின் தையல் வகுப்பில் பயின்று, இரண்டு ஊசிகளால் அழகிய ஸ்வெட்டர் பின்னும் பெண்கள் எத்தனையோ பேர். கையுறை என்றதும், "அது நாலு ஊசி வேலை, சுவாமி, நமக்கு வராது" என்பர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முள்ளம்பன்றியைப் பிடித்ததுபோல் கை தடுமாறும். ஒரு ஊசி நழுவினால் பத்துக் கண்ணிகள் அவிழும். மூட்டுவலியுள்ள விரல்களுக்கு அது பெரும் பாடு. சனவரி உறைபனியில் விடியுமுன் காரட் கழுவப் போகும் தங்கைக்கும், கனடாவில் வாழும் மகளுக்கும் ஒரு கையுறை பின்னித் தரும் ஆசை இப்படியே நின்றுபோவதுண்டு.

நிற்க வேண்டியதில்லை. 1589-இல் இங்கிலாந்தில் முதற் பின்னல் எந்திரத்தை ஆக்கிய வில்லியம் லீ (அவரும் ஒரு துணைக்குருவாயிருந்தார் என்பது மரபு) குழாயாகப் பின்னும் வழியை நாடவில்லை. அவரது எந்திரம் துணியைத் தட்டையாகப் பின்னித் தந்தது. ஓரங்களைச் சேர்த்துத் தைத்ததும் அது காலுறையாயிற்று. எந்திரத்துக்குக் குறைவாகாத தையல் நமக்கு மட்டும் எப்படிக் குறைவாகும்?

முதலில் மிட்டன் எனப்படும் உறையை எடுத்துக்கொள்வோம். நான்கு விரல்களுக்கும் ஒரே அறை, கட்டைவிரலுக்குத் தனி அறை. இதுவே கடுங்குளிருக்கு மிக ஏற்றது. விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும். நம் பங்கு மாதர் சங்கத்தினர் செய்துபார்த்துச் சரியென்று கண்ட அளவையே இங்குத் தருகிறேன். 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் விழும் நடுத்தரக் கம்பளி நூல். மணிக்கட்டுப் பட்டைக்கு 10-ஆம் எண் ஊசி, மற்றதற்கு 8-ஆம் எண் ஊசி. நடுத்தரப் பெண் கைக்கு 42 கண்ணிகள் போடுக. இவற்றுள் 40 கண்ணிகள் கையைச் சுற்றி வரும். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு தையலுக்குள் மறையும். ஒன்று பிளெயின், ஒன்று பர்ல் என்று மாற்றி மாற்றி 6 செ.மீ. பட்டை பின்னுக. பிறகு பெரிய ஊசிக்கு மாறி, முன்வரிசை பிளெயின், பின்வரிசை பர்ல் என நான்கு வரிசைகள்.

கட்டைவிரலுக்கான இடம் வரிசையின் நட்டநடுவில். 20 கண்ணிகள் பின்னி, ஒரு கண்ணி கூட்டி, நடுவிலுள்ள இரண்டைப் பின்னி, மீண்டும் ஒன்று கூட்டி, மீதி 20-ஐப் பின்னுக. நடுவிலிருந்த இரண்டு நான்காயின. ஒன்றுவிட்ட ஒவ்வொரு வரிசையிலும் இந்த நடுப்பகுதியின் இரு ஓரங்களிலும் இவ்வாறே கூட்டி வந்தால், ஆறாவது முறையில் நடுவில் 14 கண்ணிகள் சேரும். மேலும் இரண்டொரு வரிசை பின்னியபின், 20-உம் 14-உம் பின்னி, அங்கேயே திருப்புக. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புதுக் கண்ணிகள் சேர்த்து, அந்தப் 16-ஐ மட்டும் முன்னும் பின்னுமாக 5 செ.மீ. அளவு பின்னுக, மற்றவை ஊசியிலோ நூலிலோ காத்திருக்கும். இறுதியில் இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டாக்கி, நூலை அவற்றினூடே இழுத்து இறுக்கி, அதே நூலால் கட்டைவிரலின் பக்கத்தைத் தைத்துவிடுக. பின்பு அதன் அடியில் இரண்டு கண்ணிகள் எடுத்து, எஞ்சிய 20-ஐப் பின்னினால் பழைய 42 திரும்பக் கிடைக்கும். சுண்டுவிரலின் நுனி மறையும்வரை பின்னி, அதன்பின் ஒன்றுவிட்ட வரிசைகளில், தொடக்கத்திலும் நடுவின் இருபுறங்களிலும் முடிவிலுமாக நான்கு கண்ணிகள் குறைத்து வருக. ஐந்து முறையில் 22 ஆகும். நூலை ஊடே இழுத்து முடிக்கலாம். இடக்கை, வலக்கை என்ற வேறுபாடு இதில் இல்லை.

தையலில்தான் அவசரம் கூடாது. ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றித் தைத்தால் தடித்த வரப்பு விழும். நற்பக்கம் மேலிருக்க இரு ஓரங்களையும் அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே குறுக்கே ஓடும் சிறு நூலை இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று என ஊசியால் எடுத்து, நாலைந்து எடுத்தபின் மெல்ல இழுக்க வேண்டும். தையல் உள்ளே மறைந்துவிடும். எங்கே தைத்தோம் என்று தேடத்தான் வேண்டும்.

ஐவிரல் கையுறைக்கும் வழி இதுவே, பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். நடுவிலுள்ள 12 கண்ணிகள் ஆள்காட்டி விரலுக்கு. அடுத்து இருபுறமும் ஐந்தைந்து நடுவிரலுக்கு. அவ்வாறே மோதிர விரலுக்கு. கடைசியில் இரு ஓரங்களிலும் எஞ்சுபவை சுண்டுவிரலுக்கு. ஒவ்வொரு விரலையும், முடிந்த விரலின் அடியிலிருந்து ஓரிரு கண்ணிகள் எடுத்துக்கொண்டு, தனியே பின்னித் தைக்க வேண்டும். முற்காலத்தில் ஆயர்கள் பெருந்திருப்பலியில் பட்டுநூலால் பின்னிய கையுறை அணிந்தனர். 1968-இல் வந்த ஒழுங்கு அதனை அவர்களது விருப்பத்துக்கு விட்டது. அவற்றைப் பின்னியவர்களின் பொறுமையை எண்ணினால் நம் ஐந்து விரல்கள் பாரமாகத் தோன்றா.

தையலே வேண்டாம் என்பவர்களுக்கு நீண்ட வட்ட ஊசி உண்டு. இரு சிறு ஊசிகளை மெல்லிய வளையும் வடமொன்று இணைத்திருக்கும், 80 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். கண்ணிகளை இரு பாதிகளாக்கி, நடுவே வடத்தை வளையமாக வெளியே இழுத்துவிட்டு, முன்பாதியைப் பின்னித் திருப்பி, மறுபாதியைப் பின்னுவது முறை. 2002-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறு கையேட்டின் வாயிலாக இது பரவியது. பாதிகள் சந்திக்கும் இடத்தில் முதற் கண்ணியைச் சற்று இறுக்காவிட்டால் ஏணிபோல் இடைவெளி தெரியும், குறை அவ்வளவே. ஊசியிலிருந்து கண்ணி நழுவும் அச்சம் இல்லாததால், வயதானவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

பச்சிளங் குழந்தைகளுக்குப் பின்னுவோர் மட்டும் இன்னொன்றையும் கருத வேண்டும். ஞானஸ்நானப் பரிசாக நாம் ஆசையோடு தரும் கையுறையின் உட்புறத்தில் தளர்ந்த நூல் ஒன்று தொங்கினால், அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடலாம். விரல் நுனியையே இழக்க நேர்ந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் உள்ளன. குழந்தைக்கோ சொல்லத் தெரியாது. உறை மூடியிருப்பதால் தாய்க்கும் தெரியாது. ஆகவே குழந்தை உறைக்குக் கட்டைவிரல் வேண்டாம். 28 கண்ணிகளில் ஒரு சிறு பை போதும். மணிக்கட்டில் நாடா கட்டாமல், மிருதுவான பட்டையே பின்னுக. தையலையும் நூல் முனைகளையும் உள்ளே விடாமல் வெளிப்புறத்தில் முடித்துவிடுக. பார்வைக்குச் சற்று அழகு குறையும், குறையட்டும். பஞ்சுபோல் இழை உதிரும் நூலும் ஆகாது. ஒவ்வொரு முறை துவைத்தபின்னும் உறையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் பார்த்து, நீண்டிருக்கும் இழையை வெட்டிவிட்டே மாட்ட வேண்டும். காரணமின்றிக் குழந்தை வீறிட்டு அழுதால் முதலில் கையுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். நூல் இறுகி விரல் சிவந்தோ வீங்கியோ இருந்தால், தாமதியாது மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.