பின்சீட்டை விற்று ஒரு பந்தயம்

கார் பந்தயம் என்றாலே பெரிய விளம்பரதாரர் வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ‘24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயத்தில் காரின் விலை வரம்பே 500 டாலர்தான். பாதுகாப்புக் கூண்டு, பிரேக், டயர் செலவு அந்தக் கணக்கில் சேராது. உயிர் காக்கும் பொருளில் கஞ்சத்தனம் கூடாது, நல்ல விதி! ஓட்டை உடைசல் காரை வாங்கி, பின்சீட்டு, தரைவிரிப்பு, ஸ்டீரியோ எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிடுகிறார்கள். காரின் எடையும் குறைகிறது, கையில் காசும் சேர்கிறது. அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம், பெட்ரோல் செலவு? நான்கைந்து நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்டு மாறி மாறி ஓட்டுகிறார்கள். சில அணிகள் ஓட்டும் வாய்ப்பை வெளியாருக்கு வாடகைக்கும் விடுகின்றன.