மூணு நர்ஸ், 21 ஷிஃப்ட்: அரசு மருத்துவமனை செவிலியர்களுக்கு ஏன் மனசு விட்டுப் போகுது?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பேப்பர், பேனா எதுவும் வேணாம், மனசுலயே போட்டுடலாம்.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 24 மணி நேரமும் திறந்திருக்கு. ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு 3 ஷிஃப்ட், வாரத்துக்கு 21. தமிழ்நாட்டுல 24 மணி நேர பிரசவ சேவைக்காகக் கொண்டுவந்த அமைப்புல, ஒரு நிலையத்துக்கு 3 ஸ்டாஃப் நர்ஸ். 21-ஐ 3-ஆல வகுத்தா ஆளுக்கு 7 ஷிஃப்ட். வாரத்துக்கு 7 நாள். அப்போ வார விடுமுறை? பூஜ்யம்.

சரி, ஆளுக்கு ஒரு நாள் லீவு கொடுத்துடுவோம். இப்போ 18 ஷிஃப்டுக்குத்தான் ஆள் இருக்கு, மிச்சம் 3 ஷிஃப்டுக்கு இல்ல. அதை யார் பார்ப்பா? அதே மூணு பேர்தான். இதுல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா, ஒருத்தர் டிரெய்னிங் போனா, ஒருத்தர் மகப்பேறு விடுப்புல போனா, மீதி இருக்கிறவங்களோட வாழ்க்கையை நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஒரு நாற்காலியை வருஷம் முழுக்க, ராத்திரி பகலா நிரப்பி வைக்கணும்னா 1,095 ஷிஃப்ட் வேணும். வார விடுமுறை, அரசு விடுமுறை, தற்செயல் விடுப்பு எல்லாம் போக ஒருத்தரால வருஷத்துக்கு சுமார் 260 ஷிஃப்ட்தான் பார்க்க முடியும். அதாவது ஒரே ஒரு நாற்காலிக்கு நாலு பேருக்கு மேல தேவை. நம்மகிட்ட இருக்கிறது மூணு. நாம வேலை பார்க்கிற ஐடி கம்பெனியில ஆன்-கால் அட்டவணையை இப்படிப் போட்டா, முதல் மாசமே ஆளுங்க பேப்பர் போட்டுடுவாங்க.

"அரசு நர்ஸுங்க ஏன் சிடுசிடுன்னு இருக்காங்க?" இந்தக் கேள்வியை நம்ம எல்லாருமே ஒரு தடவையாவது கேட்டிருப்போம். அதுக்கான பதில் அவங்க குணத்துல இல்ல, இந்தக் கணக்குலதான் இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

வார்டுக்குள்ள என்ன நடக்குது?

இப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்ற அளவு என்னன்னா, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில பொது வார்டுக்கு 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகள்ல 5 பேருக்கு ஒருத்தர், தீவிர சிகிச்சைப் பிரிவுல ஆளுக்கு ஒருத்தர். இதுல லீவுக்குப் பதிலா நிக்கிறவங்களையும் தனியா சேர்க்கணும்.

நிஜத்துல 30 நோயாளிக்கு ஒரு நர்ஸ் நிக்கிற ஒரு நைட் டூட்டியை எடுத்துக்கோங்க. பிபி, நாடித்துடிப்பு, காய்ச்சல், ஆக்சிஜன் அளவு பார்த்து கேஸ் ஷீட்ல எழுத ஒருத்தருக்கு 5 நிமிஷம். 30 பேருக்கு 150 நிமிஷம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னா, 8 மணி நேர ஷிஃப்ட்ல ரெண்டு சுத்து, 300 நிமிஷம் அதுலயே போயிடும். மிச்சம் இருக்கிற 180 நிமிஷத்துல ஆளுக்கு 6 நிமிஷம் வரும். ஊசி, டிரிப்ஸ், காயத்துக்குக் கட்டு மாத்துறது, புது அட்மிஷன், அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கிறது எல்லாமே அந்த 6 நிமிஷத்துக்குள்ள. ஒரே ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்து அவர் பக்கத்துல அரை மணி நேரம் நின்னாப் போதும், மிச்ச 29 பேரோட கணக்கும் சரிஞ்சிடும்.

அப்போ அவங்க என்ன பண்ணுவாங்க? முக்கியமானதை மட்டும் செய்வாங்க. படுக்கையிலேயே இருக்கிற பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்கிறது, பயந்து போன பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசுறது, இதெல்லாம் விட்டுப்போகும். எது சரின்னு தெரிஞ்சும் அதைச் செய்ய முடியாத நிலைமையிலதான் மனசு தேய ஆரம்பிக்குது. வெறும் உடம்புச் சோர்வுன்னா தூங்கி எழுந்தா சரியாயிடும். இது அப்படி இல்ல.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. அமெரிக்காவில லிண்டா எய்க்கன் குழு, பென்சில்வேனியா மாநிலத்துல 168 மருத்துவமனைகள்ல அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்களை ஆராய்ஞ்சு 2002-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஒரு நர்ஸ் கவனிக்கிற நோயாளிகள்ல ஒருத்தர் கூடினா, 30 நாளுக்குள்ள நோயாளி இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. நர்ஸ் மனசு எரிஞ்சு ஓய்ஞ்சு போற வாய்ப்பு 23 சதவீதம் கூடுது. ரெண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. அவங்களோட மனச்சோர்வும் நம்மளோட உயிரும் ஒரே கணக்குல இருந்து வருது.

வேலை நிரந்தரம், ஆள் தற்காலிகம்

அடுத்தது சம்பளம். இங்க ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கணும். ஒண்ணு காலமுறை ஊதியம், அதாவது அகவிலைப்படி, ஊதிய உயர்வு எல்லாம் சேர்ந்து வர்ற நிரந்தர அரசுச் சம்பளம். இன்னொண்ணு தொகுப்பூதியம், மாசம் இவ்வளவுன்னு ஒரே தொகை, அதோட முடிஞ்சது.

தமிழ்நாட்டுல அரசு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிற அமைப்பு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், சுருக்கமா எம்ஆர்பி. 2015-ல இந்த வாரியம் 7,243 செவிலியர் இடங்களுக்குத் தேர்வு நடத்துச்சு. போட்டித் தேர்வு, இட ஒதுக்கீடு, தரவரிசை எல்லாம் முறைப்படி. ஆனா வேலை ஒப்பந்தத்துல, தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு காலமுறை ஊதியத்துக்கு மாத்துவாங்கங்கிறது எதிர்பார்ப்பு.

ரெண்டு வருஷம் முடிஞ்சுது, மாத்தல. 2017 நவம்பர் 27 அன்னைக்கு ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்துட்டாங்க. நவம்பர் 29-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் போராட்டத்துக்குத் தடை போட்டுச்சு. அதுக்கு அடுத்த வருஷம் சம்பளம் 14,000 ரூபாய் ஆச்சு, அப்புறம் 18,000. ஆனா தொகுப்பூதியம்ங்கிற வார்த்தை மாறவே இல்ல. அதிமுக ஆட்சியில ஆரம்பிச்ச இந்த ஏற்பாடு திமுக ஆட்சியிலயும் தொடர்ந்துச்சு. 2021 தேர்தல் அறிக்கையில ஒப்பந்தச் செவிலியர்களைப் பணி நிரந்தரம் செய்வோம்னு திமுக சொல்லியிருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா சிலர் நிரந்தரம் ஆனாங்க, ஆயிரக்கணக்கானவங்க வரிசையிலயே நிக்கிறாங்க.

அந்த வரிசை ஏன் நகர மாட்டேங்குது? நிரந்தரப் பணியிடம்னு ஒரு எண்ணிக்கையை அரசு அனுமதிச்சு வச்சிருக்கும். அதுல ஒருத்தர் ஓய்வு பெறணும், இல்ல பதவி உயர்வுல போகணும். அப்போதான் வரிசையில முதல்ல இருக்கிற ஒப்பந்தச் செவிலியர் உள்ள வர முடியும். படுக்கைகள் கூடலாம், கட்டடம் கூடலாம், நோயாளிகள் கூடலாம். அனுமதிச்ச பணியிடம் கூடலன்னா வரிசை நகராது.

நம்ம கள்ளக்குறிச்சியையே பாருங்க. 2019 நவம்பர் 26-ல தனி மாவட்டம் ஆச்சு. 2022 ஜனவரி 12-ல ஒரே நாள்ல திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகள்ல ஒண்ணு சிறுவங்கூர்ல இருக்கிற கள்ளக்குறிச்சி கல்லூரி. ரொம்ப நல்ல விஷயம்தான். ஆனா கட்டடத்தைத் திறக்க ஒரு நாள் போதும், அதை 365 நாள் நடத்த நாற்காலிக்கு நாலு பேர் வேணும். புதுக் கல்லூரிகளுக்குப் புது நிரந்தரப் பணியிடம் உருவாக்குங்கன்னு செவிலியர் சங்கங்கள் கேக்கிறதுக்கு இதுதான் காரணம். வேற நிலையத்துல இருந்து ஆளை இங்க மாத்தினா, அங்க இருந்த மூணு பேர் ரெண்டாயிடுவாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு இப்போ நிரந்தரம் கேக்கலாமா?"ன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். 2006-ல உமாதேவி வழக்குல உச்ச நீதிமன்றம், முறைப்படி தேர்வு இல்லாம பின்வாசல் வழியா வந்தவங்க நிரந்தரத்தை உரிமையாக் கேக்க முடியாதுன்னு சொல்லுச்சு. ஆனா எம்ஆர்பி செவிலியர்கள் பின்வாசல்ல வரல, தேர்வு எழுதி முன்வாசல்ல வந்தவங்க. 2016-ல ஜக்ஜித் சிங் வழக்குல அதே உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்ற அதே வேலையைச் செய்ற தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியோட குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைக் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. டிரிப்ஸ் போடுற கை ஒப்பந்தக் கையா, நிரந்தரக் கையான்னு நரம்புக்குத் தெரியாது இல்லையா?

மகப்பேறு விடுப்பு விஷயம் இன்னும் வலிக்கும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில இருந்து மகப்பேறு விடுப்பு 12 மாசம், சம்பளத்தோட. பிரசவ வார்டுல அடுத்தவங்க குழந்தையைக் கையில ஏந்துற ஒப்பந்தச் செவிலியர் தன் குழந்தைக்காகச் சம்பளத்தோட லீவு கேட்டு உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. ஒப்பந்த நிபந்தனையை விட மகப்பேறு நலச் சட்டம்தான் மேலன்னு 2024-ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு.

கைதட்டலும் காலாவதித் தேதியும்

கொரோனா சமயத்துல ஆறு மாச ஒப்பந்தம்னு ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தாங்க. ஒப்பந்தம் நீண்டுக்கிட்டே போச்சு. 2020 மே 3-ல விமானப்படை ஹெலிகாப்டர் மருத்துவமனைகள் மேல பூத் தூவுச்சு. 2022 டிசம்பர் 31-ல, அந்தச் செவிலியர்கள்ல ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட ஒப்பந்தத்தை நீட்டிக்காம விட்டாங்க. போராட்டத்துக்கு அப்புறம் வேற திட்டங்கள்ல தற்காலிக வேலை தர்றதா அரசு சொல்லுச்சு. ஆபத்து வந்தப்போ அவங்க முன்களப் பணியாளர், ஆபத்து போனதும் உபரி.

2024 ஜூன்ல கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவு நடந்தப்போ என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 60-க்கும் மேல உயிர் போச்சு. கள்ளக்குறிச்சி மருத்துவமனையில ஆரம்பிச்சு சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் வரைக்கும் நோயாளிகளை அனுப்பினாங்க. மெத்தனால் விஷத்துக்கு ரத்தத்துல ஏறுற அமிலத்தன்மையைச் சரி பண்ணணும், மாற்று மருந்தை நேரம் தவறாம ஏத்தணும், தேவைப்பட்டா டயாலிசிஸ் பண்ணணும், பார்வை போகுதான்னு திரும்பத் திரும்பப் பார்க்கணும். டாக்டர் எழுதித் தர்ற ஒவ்வொரு வரியையும் மணிக்கு மணி செஞ்சு முடிக்கிறது நர்ஸ். சாதாரண நாள்லயே ஆள் போதாத வார்டுல ஒரே ராத்திரியில நூறு பேர் வந்தா, இல்லாத ஆளை எங்க இருந்து கொண்டு வர்றது?

அதே வருஷம் ஜூலையில, கல்வராயன் மலை மக்களோட வாழ்நிலை பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. மலையில நடு ராத்திரி ஒரு பிரசவ வலின்னா, சுகாதார நிலையத்துல இருக்கிற ஒரே நர்ஸ்தான் முதல் முடிவு எடுக்கணும். இங்கயே பார்க்கலாமா, 108-ஐக் கூப்பிட்டு கீழ அனுப்பலாமா? தாய் கூட ஆம்புலன்ஸ்ல ஏறிப் போனா நிலையத்துல யாரும் இல்ல, போகலன்னா வழியில என்ன ஆகும்னு தெரியாது. களமருதூர் மாதிரி சமவெளி ஊர்ல உளுந்தூர்பேட்டைக்கு வண்டி கிளம்பிடும். மலைப்பாதையில ஒவ்வொரு நிமிஷமும் அந்த நர்ஸோட தலையிலதான்.

மனசு விட்டுப் போனா யாருக்கு நஷ்டம்?

தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஜெர்மனி, பிரிட்டன்னு நர்ஸ்களை அனுப்ப உதவுது. போறவங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பத்து வருஷ அனுபவத்தோட ஒருத்தர் கிளம்பும்போது, எந்த நோயாளியோட முகம் எப்போ மாறுதுன்னு பார்த்த உடனே புரிஞ்சுக்கிற கண்ணும் கூடவே கிளம்புது. அதை எந்த டாக்குமென்டேஷன்லயும் எழுதி வைக்க முடியாது.

"அரசுகிட்ட பணம் இல்லையே"ங்கிற வாதமும் இருக்கு. நிரந்தரச் சம்பளம், ஓய்வூதியம்னு சேர்த்தா செலவு பெரிசுதான், மறுக்கல. ஆனா அந்தச் செலவு இப்பவும் இல்லாம இல்ல. அதை அரசுக்குப் பதிலா நர்ஸோட முதுகும், வார்டுல படுத்திருக்கிற ஏழையும் கட்டிக்கிட்டு இருக்காங்க. கலிஃபோர்னியாவில 1999-ல சட்டம் போட்டு 2004-ல இருந்து ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான்னு வரம்பு வச்சுட்டாங்க. அங்கயும் மருத்துவமனைகள் பணம் இல்லன்னுதான் முதல்ல சொன்னாங்க.

நாம என்ன பண்ணலாம்? ஒரு 10 ரூபாய் செலவு பண்ணலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல உங்க ஊர் அரசு மருத்துவமனைக்கு மூணு கேள்வி அனுப்புங்க. அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை? அதுல நிரந்தரமா நிரப்பினது எத்தனை, ஒப்பந்தத்துல எத்தனை? போன மாசம் ஒவ்வொரு வார்டுலயும் நைட் ஷிஃப்ட்ல எத்தனை பேர்? பதில் வந்ததும் ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட அந்தக் காகிதத்தைக் காட்டிக் கேளுங்க.

அடுத்த தடவை அரசு ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் உங்ககிட்ட குரலை உயர்த்தினா, கோபப்படுறதுக்கு முன்னாடி வார்டுல இருக்கிற கட்டில்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அப்புறம் நர்ஸ்களை எண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.