பங்காளி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. அதற்கப்பால் காடும் அகத்தியர்கூடச் சிகரமும் உள்ளன. அச்சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். அதன் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறந்து தமிழ்நாட்டிற்குள் இறங்குகிறது. மேற்குச் சரிவில் உள்ள போனக்காட்டிலும் தமிழ் கேட்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக முன்னொரு காலத்தில் மலை கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே லயங்களில் வாழ்கின்றனர். ஆனால் அவர்களை அங்கே வரவழைத்த தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது.

தொழிற்சாலை மூடப்பட்டால் தேயிலைச் செடிக்கு என்ன நேரும்? தேயிலை நெல்லைப் போன்றதன்று. அறுவடை செய்த நெல்லைக் குதிரில் கொட்டி, விலை ஏறும் வரை காத்திருக்கலாம். பறித்த கொழுந்தையோ உடனே வாட்டி, உருட்டி, நிறமேற்றி, உலர்த்தியாக வேண்டும். தாமதித்தால் அது கெட்டுவிடும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது. எனவே கொழுந்து பறிப்பவர் இல்லையேல் தொழிற்சாலை இல்லை. தொழிற்சாலை இல்லையேல் கொழுந்து வெறும் இலைதான். முதல் போட்டவரும் உழைப்பைப் போட்டவரும் ஒருவரை ஒருவர் விட்டு விலக இயலாத தொழில் இது. இத்தகைய தொழிலில் இரு தரப்பினரும் கூட்டாளிகளாக இருந்தால் என்ன ஆகும் என்னும் வினா எழுவது இயல்பே.

கூட்டாளியைக் குறிக்கப் ‘பங்காளி’ என்றொரு சொல்லும் உண்டு. கேரளத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இச்சொல் இரண்டு காதுகளில் இரண்டு விதமாக ஒலிக்கும். மலையாளத்தில் ‘பங்காளி’ என்றால் தொழிலிலோ வாழ்விலோ உடன் சேர்ந்தவர். தமிழில் அது பெரும்பாலும் பாட்டன் சொத்தில் பங்குள்ள தந்தைவழி உறவினரைக் குறிக்கும். அச்சொல்லைக் கேட்டவுடன் வரப்புத் தகராறு நினைவுக்கு வருவோரும் உண்டு. இரு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவையே. பங்கு இருக்கும் இடத்தில் உறவும் இருக்கும், வழக்கும் இருக்கும்.

இதனை நன்கு உணர்ந்தே இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. லாபத்தை எவ்விதம் பிரிப்பது என்று கூட்டாளிகள் முன்கூட்டியே பேசி முடிவு செய்யவில்லையெனில், அதனைச் சமமாகவே பிரிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அதைவிடக் கருதத்தக்க விதி மற்றொன்று உண்டு. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடத்தல் வேண்டும்; உண்மையான கணக்கைக் காட்டுதல் வேண்டும்; தொழிலைப் பாதிக்கும் எச்செய்தியையும் மறைத்தல் கூடாது. நட்பு, நம்பிக்கை என்றெல்லாம் பெரியோர் கூறுவதைச் சட்டம் கணக்கேடு என்னும் ஒரே பொருளில் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறது.

தேயிலைத் தோட்டங்களின் பழைய வரலாற்றில் அக்கணக்கேடு ஒரு தரப்பின் கையிலேயே இருந்தது. ஊருக்கு வந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. வழிச்செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் அவர் முன்பணம் கொடுத்தார். அது தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. எவ்வளவு அடைத்தோம், எவ்வளவு மீதி என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர் எவ்வாறு அறிவார்? ஒரே ஊர், ஒரே மொழி, சில வேளைகளில் ஒரே உறவுமுறை. ஆயினும் அது கூட்டு ஆகவில்லை.

கணக்கேடு கைமாறிய ஒரு முயற்சியைக் காண, போனக்காட்டிலிருந்து வடக்கே இடுக்கி மாவட்டத்து மூணாறுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கண்ணன் தேவன் மலைகளை 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் ஆளுகையில் அது வளர்ந்தது. 1964இல் ஃபின்லேயும் டாடாவும் கைகோத்தன. ஒருவரிடம் தோட்டமும் அயல்நாட்டுச் சந்தையும் இருந்தன. மற்றவரிடம் இந்திய முதலீடும் இந்நாட்டில் வேரூன்றிய பெயரும் இருந்தன. இக்கூட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 1976இல் தோட்டங்கள் கூட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1983இல் ஃபின்லே விலகிக்கொள்ள, அது டாடா தேயிலை நிறுவனம் ஆயிற்று. கூட்டுத் தொழில் முறிந்தால்தான் முடியும் என்பதில்லை. இதுபோல் முறைப்படியும் முடியலாம்.

அதன்பின் வந்தது கடினமான காலம். இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்தது. கேரளத்தில் பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஊதிய நிலுவையோடு குடும்பங்கள் லயங்களில் தங்கிவிட்டன. போனக்காட்டின் துயரமும் இவ்வகையினதே. டாடா நிறுவனமும் தோட்டம் நடத்தும் தொழிலிலிருந்து விலக விரும்பியது.

மூணாறில் கதவுகள் மூடப்படவில்லை. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் என்னும் புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. அதன் பங்குகளுள் பெரும்பான்மையை அங்கு வேலை செய்வோரே வாங்கினர். மேலாளர், எழுத்தர், கொழுந்து பறிப்பவர் எனப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நிறுவனத்தில் பணியாற்றினர். டாடா நிறுவனம் சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. தொடக்க ஆண்டுகளிலேயே லாபம் கிடைத்தது, ஈவுத்தொகையும் வழங்கப்பட்டது. ஈவுத்தொகை என்பது நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தருவது. தன் பெயர் அச்சிட்ட பங்குப் பத்திரம் தகரப் பெட்டிக்குள் இருப்பது, கங்காணி காலத்துப் பாட்டிக்குக் கனவிலும் தோன்றியிராத செய்தி.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2015இல் நிறுவனம் அவ்வாண்டு லாபம் குறைந்துவிட்டது என்று கூறி, போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தது. செப்டம்பர் மாதத்தில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாறின் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் வர விடவில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் இயக்கத்தின் பெயர் ‘பெம்பிளை ஒருமை’. தமிழ்நாட்டுப் ‘பொம்பளை’யும் மலையாளப் ‘பெம்பிளை’யும் அந்தச் சாலையில் ஒன்றாகிவிட்டன.

பங்குதாரர் தம் நிறுவனத்தை எதிர்த்தே போராடுவதா என்று வியந்தவர்களும் இருந்தனர். வியப்பதற்கு முன் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய்; ஒருவரிடம் 100 பங்குகள் உள்ளன; நிறுவனம் 10 விழுக்காடு ஈவுத்தொகை அளிக்கிறது என்று கொள்க. ஓராண்டு முழுமைக்கும் அவர் பெறுவது 100 ரூபாய். அப்போதைய ஒரு நாள் கூலி 232 ரூபாய். அதனைப் பெற 21 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று ஈட்டும் கூலியும் போனஸுமே அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கின்றன. பங்குப் பத்திரம் அவரைச் சட்டத்தின் முன் உரிமையாளர் ஆக்கியது உண்மை. ஆனால் லாபம் ஏன் குறைந்தது, எங்கே குறைந்தது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் யார் எடுத்துரைத்தார்? ஆண்டறிக்கை ஒருவர் கையில் இருப்பதும் அதனைப் படித்துக் கேள்வி கேட்க அவரால் இயல்வதும் ஒன்றல்ல. மூணாறில் குறைபட்டது இந்த இடத்தில்தான் எனக் கருத இடமுண்டு.

ஒன்பது நாள் போராட்டத்திற்குப்பின் உடன்பாடு ஏற்பட்டது. கோரிய 20 விழுக்காடு கிடைத்தது. ஆனால் அது இரண்டு பெயர்களில் எழுதப்பட்டது. 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத் தொகை. போனஸ் சட்டம் அப்போது விதித்த குறைந்த அளவு 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். எஞ்சிய பகுதி சட்டப்படி கொடுத்தே தீர வேண்டியதன்று. விரும்பி அளிப்பதாகவே கணக்கில் ஏறியது. கையில் வந்த தொகை ஒன்றுதான். எனினும் ஒரு பங்காளிக்குக் கொடுப்பதைக் கருணை என எழுதலாமா என்னும் கேள்வி, அந்த உடன்படிக்கைத் தாளில் விடையின்றி நிற்கிறது.

நிறுவனம் இன்றும் நடக்கிறது. மூணாறுச் சரிவுகளில் உரிய காலத்தில் கவாத்து செய்யப்பட்ட செடிகள் இடுப்பளவில் நிற்கின்றன. காலையில் பறித்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலையை அடைகிறது. போனக்காட்டில் கவாத்துக் கத்தி படாத தேயிலைச் செடிகள், இயற்கை தமக்கு அளித்த உயரத்திற்கு, மரங்களாக வளர்ந்துகொண்டிருக்கின்றன.