புழு வளர்ப்பு மனையில் இரண்டு வெப்ப உணரிகள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டு, பட்டுப்புழு வளர்த்து, கூடுகளைத் தருமபுரி நகரிலுள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுவரும் உழவர்களுக்கு வெப்பமும் ஈரப்பதமும் வருமானத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. இளம்புழுப் பருவத்தில் ஏறத்தாழ 27 முதல் 28 டிகிரி செல்சியசும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும், வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் 70 முதல் 75 விழுக்காடும் ஏற்றவை எனப் பட்டு வளர்ப்புத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். மனை வறண்டால் இலை வாடிப் புழு இரையெடுப்பது குறையும். ஈரம் மிகுந்தால் பூஞ்சண நோய் தொற்றும். சுவரில் தொங்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பகலில் சிலமுறை பார்த்துக் குறிப்பதே நெடுநாளைய வழக்கம் என்பதால், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே மனையில் என்ன நிகழ்ந்தது என்பதற்குப் பெரும்பாலும் பதிவே இருப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது யூ.எஸ்.பி. தரவுத் திரட்டுக் கருவி. உணரி, அதாவது சென்சார், வெளியிடும் மின்னழுத்தத்தை அளந்து, அதை எண்ணாக மாற்றி, யூ.எஸ்.பி. கம்பி வழியே கணினிக்கு அனுப்புவதே இதன் பணி. அமெரிக்காவின் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளை நெடுங்காலமாக விற்றுவருகின்றன. எனினும் இந்தியக் கல்லூரிகளுக்கு நெருக்கமானது, புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 2004இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தின் வழியே உருவான எக்ஸ்பைஸ் ஆகும். இயற்பியல் ஆய்வகங்களுக்குக் குறைந்த செலவில் அளவைக் கருவி கிடைக்கவேண்டும் என்ற நோக்கில் பிறந்த இதன் மென்பொருளும் மின்சுற்று வரைபடமும் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் இயலும் வகையில் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளன. கல்லூரி மேசையில் ஊசல் சோதனைக்குப் பயன்படும் எக்ஸ்பைஸ்-17 கருவியையே புழு மனையின் வெப்பத்தைப் பதிவுசெய்யவும் பயன்படுத்தலாம்.

நிறுவுவது எளிது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இதற்கான மென்பொருள் ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கிறது. விண்டோஸில் கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் என்னும் சிறுநிரலை முதலில் நிறுவவேண்டும். கருவிக்குத் தேவையான மின்சாரம் யூ.எஸ்.பி. கம்பியிலேயே வந்துவிடும். ஆனால் பயன்பாடு இல்லாதபோது தானாக உறங்கிவிடும் மடிக்கணினியின் அமைப்பை மாற்றாமல் விட்டால், நள்ளிரவில் பதிவு நின்றுபோகும். காலையில் எழுந்து பார்ப்பவருக்கு எந்த இரவுக்காகக் கருவி வாங்கப்பட்டதோ அந்த இரவே கிடைக்காது.

வெப்பத்தை அளக்க எல்.எம்.35 என்னும் மூன்று கால் கொண்ட சிறிய உணரி போதுமானது. ஒரு டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட் வீதம் இது வெளியிடுவதால் 25 டிகிரியில் 250 மில்லிவோல்ட் கிடைக்கும். எழுத்துப் பொறித்த தட்டையான முகம் பார்ப்பவரை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கப் பிடித்தால், இடக்கால் மின்வழங்கலுக்கும், நடுக்கால் அளவீட்டுக்கும், வலக்கால் கிரவுண்டு எனப்படும் பொது முனைக்கும் உரியவை. இடக்காலைக் கருவியின் பி.வி.1 முனையில் இணைத்து அம்முனையை 5 வோல்ட்டுக்கு அமைக்கவேண்டும். நடுக்கால் ஏ1 முனைக்கும் வலக்கால் கிரவுண்டுக்கும் செல்லும். இரண்டாவது உணரியின் நடுக்கால் ஏ2வுக்குச் செல்ல, மற்ற இரண்டும் முன்போலவே. இடக்காலும் வலக்காலும் இடம் மாறினால் உணரி தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிடும் என்பதால், இணைத்தவுடன் விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது பட்டறைக்காரர்களின் நல்ல பழக்கம்.

இணைப்பு சரியாக இருந்தும் அளவீடு பிழையாவது பெரும்பாலும் வீச்சைத் தேர்வதில்தான். ஏ1, ஏ2 முனைகள் இயல்பாக மைனஸ் 16 முதல் பிளஸ் 16 வோல்ட் வரை ஏற்பவை. கருவியிலுள்ள 12 பிட் மாற்றி இந்த 32 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிப்பதால், ஒரு படி ஏறத்தாழ 8 மில்லிவோல்ட் ஆகும், அது எல்.எம்.35 கணக்கில் 0.8 டிகிரி. வெப்பம் 25 டிகிரியிலிருந்து மெல்ல உயரும்போது திரையில் எண் அசையாதிருந்து, பின் திடீரென முக்கால் டிகிரி தாவும். மென்பொருளில் வீச்சை 1 வோல்ட்டுக்குக் குறைத்தால், அதாவது மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை, ஒரு படி அரை மில்லிவோல்ட்டாகச் சுருங்கி 0.05 டிகிரி வரை வேறுபாடு தெரியும். கோடையின் 40 டிகிரியும் 0.4 வோல்ட்தான் என்பதால் வீச்சைத் தாண்டும் அச்சமில்லை. ஆயினும் திரையில் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் தெரிவதாலேயே அளவு அத்தனை துல்லியமானது என்று கொள்ளக்கூடாது, ஏனெனில் எல்.எம்.35 தானே ஏறத்தாழ அரை டிகிரி முன்பின் காட்டக்கூடியது.

அடுத்த இடையூறு மின்கம்பிகளிலிருந்து வருவது. எதனுடனும் இணைக்காத ஒரு வயரை ஏ1 முனையில் செருகி விரலால் தொட்டால், திரையில் நொடிக்கு 50 முறை ஏறியிறங்கும் அலை தோன்றும். அது வீட்டு மின்சாரத்தின் சாயல், வயர் அதை வானொலி ஏரியல்போல வாங்கிக்கொள்கிறது. புழு மனையில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் செல்லும் கம்பிகளோடு உணரியின் வயரைச் சேர்த்துக் கட்டினால் இதே சாயல் அளவீட்டில் கலக்கும். உணரியின் அளவீட்டு வயரையும் கிரவுண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, மின்கம்பிகளிலிருந்து விலக்கி, கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காகக் கொண்டுசெல்வது பாதித் தீர்வு. மீதிப் பாதி நிரலில் உள்ளது: 200 மைக்ரோ நொடி இடைவெளியில் 500 அளவுகள் எடுத்தால் 100 மில்லி நொடி, அதாவது மின்னலையின் சரியாக ஐந்து முழுச் சுற்றுகள் ஆகும், அவற்றின் சராசரியில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். யூ.எஸ்.பி. கம்பியை ஐந்து மீட்டருக்கு மேல் நீட்ட இயலாது என்பதால் நீள்வது உணரியின் வயராகவே இருக்கும். நீண்ட வயரில் எல்.எம்.35 தடுமாறாமலிருக்க அதன் நடுக்காலை ஒட்டி 2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். 230 வோல்ட் மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இக்கருவியின் எந்த முனையிலும் இணைக்கக்கூடாது. அதன் உச்சம் 325 வோல்ட், கருவியின் கிரவுண்டோ கணினியின் உடலோடு இணைந்தது.

ஈரப்பதம் இரண்டு உணரிகளின் வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. ஒன்றைக் காற்றில் விட்டு, மற்றொன்றை நீர் நனைந்த மெல்லிய பருத்தித் துணியால் சுற்றினால், நீர் ஆவியாவதால் ஈர உணரி குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. உலர் உணரி 25 டிகிரியும் ஈர உணரி 21.5 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 73 விழுக்காடு. இந்த வேறுபாட்டில் அரை டிகிரி பிழைத்தால் விடை நான்கு விழுக்காடு அளவுக்கு மாறும். பரிந்துரைக்கப்பட்ட 70க்கும் 75க்கும் இடையிலான இடைவெளியே ஐந்துதான் என்பதால், இது அலட்சியப்படுத்தத்தக்க பிழையன்று. ஆகவே துணி சுற்றுவதற்கு முன் இரண்டு உணரிகளையும் ஒரே இடத்தில் உலர்ந்த நிலையில் சில மணி நேரம் வைத்து, அவற்றுக்கிடையே நிலவும் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, பின்னர் ஒவ்வோர் அளவிலும் அதைக் கழித்துவிடவேண்டும்.

ஈர உணரியின் கால்களுக்கிடையே நீர் இறங்கினால் மின்சாரம் கசிந்து பொய்யளவு தோன்றும்; சுருங்கு குழாயாலும் அரால்டைட் பசையாலும் கால்களை முழுதும் மூடுவது கட்டாயம். துணிக்கு ஊற்றும் நீரும் கவனிக்கத்தக்கது. மாவட்டத்தின் பல ஊர்களில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது. அந்நீரால் துணியில் உப்புப் படிந்து விறைத்தால் ஆவியாதல் குறைந்து, ஈர உணரி உரிய அளவு குளிராமல், மனை உண்மையில் இருப்பதைவிட ஈரமாக உள்ளதாகக் காட்டும். வாலை வடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ பயன்படுத்தி, துணியை அடிக்கடி மாற்றுவது நல்லது. ஒரு தொகுதிப் புழு முடிந்து மனையை பிளீச்சிங் பவுடர் கொண்டு கிருமிநீக்கம் செய்யும்போது உணரிகளையும் வயர்களையும் கழற்றி வெளியே எடுத்துவிடவேண்டும், குளோரின் செப்பு முனைகளை விரைவில் அரித்துவிடும். மீண்டும் மாட்டும்போது அந்த உலர்நிலை ஒப்பீட்டை இன்னொருமுறை செய்தே அடுத்த தொகுதிக்கான பதிவைத் தொடங்கவேண்டும்.