வேர் எப்படி ஆளை அடையாளம் காண்கிறது?

உளுந்துச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை அலசினால் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினின் நிறம் அது. அங்கே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது.

ஆனால் அதுவும் கிருமிதான். உள்ளே நுழையும் கிருமியை அடித்து விரட்டுவது செடியின் இயல்பு. இதற்கு மட்டும் ஏன் கதவு திறக்கிறது?

ரைசோபியம் காட்டும் அனுமதிச் சீட்டின் பெயர் ‘நாட் காரணி’. நான்கைந்து சர்க்கரை அலகுகள் கோத்த சிறு சங்கிலி. அதன் முனையில் ஒரு கொழுப்பு வால். வம்பு என்னவென்றால், அந்தச் சங்கிலி கைட்டினின் துண்டைப் போன்றது. பூஞ்சைகளின் செல் சுவரிலும் கைட்டின் உண்டு. அதன் வாடை பட்டாலே செடி போருக்குத் தயாராகிவிடும். இரண்டையும் பிரித்தறிபவை, செல்லின் மேற்பரப்பில் இருக்கும், ஒரே குடும்பத்து ஏற்பிப் புரதங்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தினர் லோட்டஸ் ஜப்பானிகஸில் (பெயரில்தான் தாமரை, செடி பயறுக் குடும்பம்) இவற்றை ஆராய்ந்தார்கள். கைட்டின் ஏற்பியின் சில சிறு பகுதிகளை மாற்றியமைத்தாலே அது நாட் காரணியை அடையாளம் காணத் தொடங்குகிறது என்று 2020-ல் காட்டினார்கள். பகைக்கும் உறவுக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

உள்ளே விட்டதோடு விஷயம் முடியவில்லை. குதிரைமசாலின் நெருங்கிய உறவான மெடிகாகோ செடியில் டிஎன்எஃப்2 போன்ற சில மரபணுக்கள் பழுதானால், முடிச்சு உருவாகும், பாக்டீரியாவும் குடியேறும். பிறகு எதிர்ப்பு விழித்துக்கொண்டு அவற்றைக் கொன்றுவிடும். அதாவது, முடிச்சு வாழ்கிற வரை எதிர்ப்பை அடக்கியே வைத்திருக்க வேண்டும்.

அதற்காகச் செடி நிராயுதபாணி ஆகிவிடுவதில்லை. கிருமிகளைக் கொல்லும் டிஃபென்சின்களை ஒத்த நூற்றுக்கணக்கான சிறு புரதங்களை மெடிகாகோ முடிச்சுக்குள் சுரக்கிறது. அவற்றால் பாக்டீரியா பருத்து நீள்கிறது, இனப்பெருக்கத் திறனை இழக்கிறது, நைட்ரஜன் வேலையை மட்டும் தொடர்கிறது. பட்டாணியிலும் இதே ஏற்பாடு; சோயாவில் இல்லை. கூட்டுறவு என்று பாடப்புத்தகம் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அடக்கி வைத்த எதிர்ப்புக்கு விலையும் உண்டு. தக்காளி, கத்தரியை வாட வைக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவை ரைசோபியத்தோடு சேர்த்து மெடிகாகோ வேரில் விட்டுப் பார்த்த ஆய்வில், அது முடிச்சுக்குள் புகுந்துகொண்டது. அங்கே எதிர்ப்பு பலவீனமாகவே இருந்தது. ஆனால் தொற்று முடிச்சுக்கு வெளியே பரவாமல் அங்கேயே முடங்கியது.