கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள்

ரோம் நகரத்து உணவகங்களில் ‘காச்சோ எ பெப்பே’ என்றொரு பாஸ்தா உண்டு. பாஸ்தா, ‘பெக்கொரினோ ரொமானோ’ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு. அவ்வளவுதான் சாமான். வெண்ணெய், க்ரீம், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு வழவழவென்ற சாஸ் வருவதில்லை. ரப்பர் போல ஒரு சீஸ் கட்டியும், அதைச் சுற்றி நீர்த்த தண்ணீரும்தான் மிஞ்சும்.

இந்தக் கட்டி எப்படி உண்டாகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் எட்டுப் பேர் ஆராய்ந்து, 2025இல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் கட்டுரையே எழுதிவிட்டார்கள். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் அதே ஆண்டு அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் அளந்து பார்த்தது பாஸ்தா வெந்த தண்ணீரில் கரையும் மாவுச்சத்தை. நம் வீடுகளில் பலர் வடிதட்டில் ஊற்றித் தொட்டியில் விட்டுவிடும் அந்தக் கஞ்சியைத்தான்.

உலர் பாஸ்தா டியூரம் என்ற கடினமான கோதுமையின் ரவையில் செய்வது. இத்தாலியில் 1967ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. மாவுச்சத்து மணிகள் அந்த வலைக்குள் அடைபடுகின்றன. கொதிநீரில் போட்டதும் மணிகள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. மேற்பரப்பில் இருப்பவை உடைந்து தண்ணீரில் கலக்கின்றன. முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டால் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றும் வழக்கம் வீண். அது மேலேயே மிதக்கும்.

எவ்வளவு மாவு கரையும் என்பது பாஸ்தாவைப் பிழிந்த அச்சையும் பொறுத்தது. கடையில் இரண்டு பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கண்ணாடி மாதிரி மஞ்சளாகப் பளபளக்கும். அது டெஃப்லான் பூசிய அச்சில் வந்தது. இன்னொன்று வெளிறி, மாவு தூவியது போலச் சொரசொரவென்று இருக்கும். அது வெண்கல அச்சில் வந்தது. சாஸ் பிடிப்பதும், கஞ்சியைக் கெட்டியாக்குவதும் இரண்டாவதுதான்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது இத்தாலியக் கணக்கு. இந்தப் பதார்த்தத்துக்கு அதில் பாதி போதும் என்பேன். தண்ணீர் குறைந்தால் கஞ்சி கெட்டிப்படும். உப்பையும் கையடக்கிப் போடுங்கள், பெக்கொரினோவே நல்ல உப்பு.

தண்ணீர் கொதிப்பதற்குள், ஒன்றிரண்டாக இடித்த மிளகை வாணலியில் மணம் வரும்வரை வறட்டு வறுவலாக வறுத்துக்கொள்ளுங்கள். (யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து முசிறியில் மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு சொல்கிறது. ரோமாபுரிக்கு இந்தக் காரம் நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்துதான் போனது.) பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒரு இழையை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். தண்ணீர் இன்னும் எட்டாத மாவு அது. அந்தப் பதத்தில் பாஸ்தாவை மிளகு வாணலிக்கு மாற்றி, இரண்டு கரண்டி கஞ்சி விட்டு மீதியை அங்கேயே வேகவிடுங்கள்.

அடுத்ததுதான் கண்டம். அடுப்பை அணைத்து ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். சூடு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சீஸின் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரண்டுவிடும். கஞ்சியின் மாவுச்சத்து இடையில் புகுந்து அதைத் தடுக்கிறது. சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் நிலைத்து நிற்கும், 1 சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டி விழும் என்பது அந்த எட்டுப் பேரின் கணக்கு. சன்னமாகத் துருவிய சீஸை வெதுவெதுப்பான கஞ்சியில் குழைத்து, பிறகு பாஸ்தாவில் ஊற்றிப் புரட்டுவது ஆகையால் பாதுகாப்பானது.

வீட்டுக் கஞ்சியில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று யார் அளப்பது? ஆய்வாளர்கள் சொன்ன குறுக்குவழி இது: 100 கிராம் சீஸுக்கு இரண்டரை கிராம் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து, கெட்டியாகும்வரை காய்ச்சி, ஆறவைத்து அதில் சீஸைக் குழைப்பது. ரோமாபுரிப் பாட்டிகள் முகம் சுளிக்கலாம். கட்டி விழாது.

இதே கஞ்சி நேப்பிள்ஸின் ‘அல்யோ எ ஓல்யோ’வுக்கும் உதவும். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் வற்றல் மிளகாயையும் மெல்லச் சிவக்கவிட்டு, கஞ்சி ஊற்றி வாணலியை வேகமாகக் குலுக்கினால் எண்ணெயும் நீரும் கலந்து பால்போல வெளுக்கும். வெந்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் இதெல்லாம் போய்விடும். அலசுவது சாலட்டுக்கு மட்டும் சரி.

சூடாக இருக்கும்போதே பரிமாறிவிடுங்கள், ஆறினால் சாஸ் இறுகும். இறுகினால் இளக்க, வடிக்கும்போதே ஒரு டம்ளர் கஞ்சியைத் தனியே எடுத்து வைத்திருங்கள்.